பதினாலு நடுங்கிகள்

“மேலயா, கீழயா? ஒண்டச் செல்லுங்க தங்கச்சி.”

பளீல் மூன்றாவது தடவையாகக் கேட்டார். இடர் உதவிப் பிரிவு அதிகாரி. குடை பிடித்திருந்தும் தோள் வரைக்கும் நனைந்திருந்தார். கையில் பிளாஸ்டிக் உறை போட்ட வரைபடம். அதில் சிவப்புப் பேனையால் இரண்டு வட்டங்கள்.

ஹுன்னஸ்கிரிய சந்தியிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குள் போகிற ரோட்டு, ஒரு கிலோமீற்றர் தாண்டியதும் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று மேல் டிவிசனுக்கு. மற்றது கீழ் டிவிசனுக்கு. வெள்ளிக்கிழமை காலை பதினொன்று பத்துக்கு, ஒரே மலை இரண்டு ரோட்டிலும் சரிந்து இறங்கியது. இன்றைக்குத் திங்கள்.

“எங்கட கையில ஈக்கிறது மண் தோண்டுற ஒரே ஒரு பெக்கோ மிசின்,” என்றார் பளீல். “நாலு மணிக்கு அதை அடுத்த தோட்டத்துக்கு அனுப்பணும். அங்க சனம் குடியிருந்த ஒரு லயம் அப்பிடியே பொதைஞ்சி ஈக்கு. பதினொரு பேர். ரோட்டு வெட்டி இண்டைக்குப் பின்னேரம்தான் மிசின் உள்ள போவ ஏலும். அது வரைக்கும் இங்க தோண்டலாம். ஆனா ஒரு எடத்துல மட்டும்தான். உங்கட தம்பி எந்தப் பக்கம் போனாரு?”

நிலூஷா அப்பாவைப் பார்த்தாள்.

கறுப்பையா நகரசபையில் முப்பத்தொரு வருஷமாக ரோட்டுக் கூட்டுகிறவர். வேலைக்குப் போடுகிற அதே கறுப்பு பூட்ஸ். தோளில் மம்பட்டி. கண்டி மஹய்யாவ வீட்டிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, பஸ் நின்ற இடத்திலிருந்து ஒன்பது கிலோமீற்றர் நடந்து வந்திருந்தார். அவரும் மகளைத்தான் பார்த்தார். தம்பியைப் பற்றி எல்லாம் தெரிந்தவள் அவள்தான் என்பது வீட்டுச் சட்டம்.

“தெரியல சேர்,” என்றாள் நிலூஷா.

“பத்தரை வரைக்கும் டைம் தாரேன். பொறகு நான் முடிவெடுப்பேன். நான் எடுத்தா அது காசு சுண்டுற மாதிரித்தான்.”

மணி ஒன்பது நாற்பது.

*

சுதேஷ், இருபத்து நாலு வயது. பார்சல் கொம்பனியில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவன். வெள்ளிக்கிழமை அவன் பையில் இந்தத் தோட்டத்துக்கு இரண்டு பார்சல்கள் இருந்தன. ஒன்று மேல் டிவிசன் ரீச்சருக்கு. மற்றது கீழ் டிவிசன் கடைக்காரருக்கு. இரண்டும் போய்ச் சேரவில்லை.

பத்து பதினைந்துக்குச் சந்தியிலிருந்து பேசினான். “அக்கா, ஹுன்னஸ்கிரிய வந்துட்டேன். செம்ம மழை. உள்ள ரெண்டு பார்சல், குடுத்துட்டு ஓடி வந்துர்றேன்.”

பத்து ஐம்பத்தெட்டுக்கு ஒரு மெசேஜ். பதினொன்று ஐந்துக்கெல்லாம் டவர் விழுந்துவிட்டது. ஃபோன் கொம்பனியில் கேட்டால், இரண்டு ரோட்டுக்கும் ஒரே டவர்தான், அதற்கு மேல் எங்களுக்குத் தெரியாது என்றார்கள்.

அந்தக் கடைசி மெசேஜில் என்ன இருந்தது என்று பொலிஸ் கேட்டது, பார்சல் கொம்பனி கேட்டது. அது விளையாட்டு விஷயம், இடம் ஒன்றும் அதில் இல்லை என்று எல்லாருக்கும் சொல்லியிருந்தாள். உண்மைதான். இடம் ஒன்றும் அதில் இல்லை.

பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது, சேற்றில் குளித்தமாதிரி ஒரு மோட்டார் சைக்கிள் சந்தியில் வந்து சறுக்கி நின்றது. ஷப்ராஸ். கண்டியில் ஃபோன் திருத்துகிற கடை வைத்திருப்பவன், சுதேஷின் சிநேகிதன். ஹெல்மட்டைக் கழற்றாமலே கத்தினான்.

“அக்கா! நடுங்கி! நடுங்கிய மறந்துட்டோமே!”

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குடிவெறி போலிருக்கிறது என்று ஒரு கிழவர் முணுமுணுத்தார்.

நிலூஷாவுக்கு மட்டும் புரிந்தது.

*

மொன்ஸ்டர் ட்ரெயில் என்று ஒரு ஃபோன் விளையாட்டு. தெருவில் நடந்தால் திரையில் உங்கள் தெருவே தெரியும். அதன் மேல் விதவிதமான பிராணிகள் முளைக்கும். பிடித்துப் பெட்டியில் போடலாம், வளர்க்கலாம், சண்டைக்கு விடலாம். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு வகை. நெருப்புக் கக்குகிறவை, மலையைப் பிளக்கிறவை, மின்னலில் சவாரி செய்கிறவை.

நானூற்றுப் பன்னிரண்டாவது, நடுங்கி.

விளையாட்டில் அதற்கு ஓர் இங்கிலிஷ் பெயர் இருந்தது. கண்டித் தமிழ்ப் பொடியன்கள் யாரும் அதைச் சொன்னதில்லை. தோலுரித்த றம்புட்டான் பழத்துக்கு இரண்டு கண் வைத்த மாதிரி இருக்கும். பலம் மூன்று. மற்றவைக்கெல்லாம் நாலு வித்தை, ஐந்து வித்தை. இதற்கு ஒன்றே ஒன்று: நடுங்கும். எதிரி வந்தால் நடுங்கும், பிறகு தோற்கும். எவ்வளவு வளர்த்தாலும் இன்னும் கொஞ்சம் பெரிதாக நடுங்கும், அவ்வளவுதான்.

யாரும் அதைத் தேடிப் போவதில்லை. ஆனால் சுதேஷின் சட்டைப் பையில் பட்டன் என்று ஒரு சின்னக் கருவி இருந்தது. ஃபோனோடு இணைத்துப் பையில் போட்டுவிட்டால், பைக் ஓடுகிறபோதே வழியில் வருவதையெல்லாம் தானாகப் பிடிக்கும். பலமுள்ளவை பட்டனைப் பிய்த்துக்கொண்டு ஓடிவிடும். ஓடத் தெரியாமல் மாட்டுவது நடுங்கி மட்டும்தான்.

அக்காவும் தம்பியும் ஒரே கணக்கில் விளையாடினார்கள், இரண்டு ஃபோனில். விளையாட்டின் சட்டப்படி அது குற்றம். அதைப் பற்றி மஹய்யாவவில் யாரும் கவலைப்பட்டதில்லை. ரோட்டில் அலைகிறவன் பிடிப்பான். பார்மசியில் வேலைக்கு உட்கார்ந்திருக்கும் நிலூஷா பெட்டியில் வேண்டாதவற்றைக் கழிப்பாள். கழித்துவிடுகிற ஒவ்வொரு நடுங்கிக்கும் ஒரு துளி தூள் கிடைக்கும். அந்தத் தூளைப் போட்டுத்தான் பெரியவற்றை வளர்ப்பது. பெட்டியில் முன்னூற்றைம்பது இடம். முன்னூற்று முப்பத்தாறில் நல்ல சாமான்கள் நிரந்தரமாகக் குடியிருந்தன. மிச்சம் பதினாலு.

பதினாலும் நிறைந்தால் தம்பியிடமிருந்து மெசேஜ் வரும். பெயரைத் தட்டு, எல்லாவற்றையும் தேர்ந்தெடு, விடு. நாலு செக்கன். தன்னைப்போல் வேகமாகக் கழிக்கிறவள் கண்டியிலேயே இல்லை என்று நிலூஷா பீற்றிக்கொள்வாள்.

ஷப்ராஸ் மூச்சு வாங்கினான். “அண்டைக்கு அவன்ட பையில பட்டன் ஈந்திச்சா?”

“எப்பவும் இருக்கும்.”

“அப்ப வழி நெடுகப் புடிச்சீக்கும் அக்கா! ஒரு நடுங்கியத் தொறந்தா அடியில என்ன ஈக்கு? எங்க புடிச்ச, எத்தின மணிக்குப் புடிச்ச எண்டு சின்ன மெப்புல ஒரு புள்ளி! கடைசி ஒண்டத் தொறந்தாப் போதும், மேலயா கீழயா எண்டு விரல் வெச்சிக் காட்டலாம்! வாங்க, அந்த மேட்டுல நிண்டா ஒரு கோடு சிக்னல் வருமாம்!”

அவன் ஓடினான். பத்து அடி போய்த்தான் தனியாக ஓடுவதைக் கவனித்தான்.

நிலூஷா நின்ற இடத்திலேயே நின்றாள்.

“ஷப்ராஸ். பெட்டி காலி.”

“என்ன?”

“பத்து அம்பத்தெட்டுக்கு மெசேஜ் போட்டான். ‘பெட்டி நெறைஞ்சிருச்சு, கொட்டு’ன்னு. நான் பதினொன்னு நாலுக்குக் கொட்டிட்டேன்.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்தான். பதினாலு.”

“இல்ல, அதுல காலைல கண்டியில புடிச்சதும்...”

“பத்து மணிக்கு ஒரு தடவை கொட்டினேன். இந்தப் பதினாலும் அதுக்குப் பொறகு புடிச்சது. இந்த ரோட்டுல.”

ஷப்ராஸ் ஹெல்மட்டைக் கழற்றினான். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

*

இருந்தாலும் மேட்டுக்குப் போனார்கள். சிக்னல் பிடிக்க அங்கே ஒரு வரிசையே நின்றது. ஷப்ராஸ் யார் யாரையோ கெஞ்சி முன்னால் போய்க் கணக்கைத் திறந்தான்.

விட்டவை என்று ஒரு பக்கம் இருந்தது. நடுங்கி, நடுங்கி, நடுங்கி. பதினாலு வரி. ஒவ்வொன்றுக்கும் எதிரே நேரம். பதினாலுக்கும் ஒரே நேரம்: 11.04. அவன் பிடித்த நேரம் அல்ல. அவள் விட்ட நேரம்.

“கொம்பனிக்கு எழுதுவோம்,” என்றான் ஷப்ராஸ். இங்கிலிஷில் நாலு வரி எழுதினான். ஓர் உயிர் சம்பந்தப்பட்டது என்றும் எழுதினான். ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது. அவ்வளவு சீக்கிரம் எந்த மனிதனும் எழுத முடியாது. விடுவிக்கப்பட்ட பிராணிகளைத் திரும்பப் பெற இயலாது, தொடர்ந்து விளையாடி மகிழுங்கள்.

“மகிழுறோம்டா, மகிழுறோம்,” என்று பல்லைக் கடித்தான்.

மணி பத்து பதினைந்து.

திடீரென்று அவன் முகம் மாறியது. “அக்கா, நடுங்கி தண்ணிக்குப் பக்கத்துலதான் கூடுதலா வரும். ஆத்தங்கரை, கொளத்தங்கரை. ஒரு மணித்தியாலத்துக்குள்ள பதினாலு எண்டா ஆறு ஈக்கிற பக்கம். ஆறு கீழ ரோட்டுலதானே!”

நிலூஷாவின் நெஞ்சு ஒரு தடவை எழும்பியது. எழும்பிய வேகத்திலேயே உட்கார்ந்தது.

“மழை பெய்ஞ்சா?” என்று கேட்டாள்.

ஷப்ராஸ் ஃபோனைப் பைக்குள் போட்டான்.

மழை பெய்தால் நடுங்கி எங்கேயும் வரும். அது விளையாடுகிற எல்லாருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை இந்த மலை முழுக்க அதுகள் நின்று நடுங்கிக்கொண்டிருந்திருக்கும்.

மிச்சமிருந்த ஒரு கோட்டுச் சிக்னலில் பார்சல் கொம்பனி சுப்பவைசர் சதீஸ்குமாரைப் பிடித்தாள்.

“சுதேஷ் அங்க வந்தா எப்பவும் மேலதான் மொதல்ல போவான் தங்கச்சி,” என்றார் அவர். “மேல குடுத்துட்டு, கீழ எறங்கி, அப்பிடியே வெளியேறுவான். பெற்றோல் மிச்சம்னு சொல்லுவான். வருஷக்கணக்கா அப்பிடித்தான்.”

பத்து இருபத்தெட்டுக்கு நிலூஷா பளீலின் முன்னால் போய் நின்றாள்.

“மேல சேர்.”

“ஷுவரா?”

“மேல.”

*

பெக்கோ மேல் ரோட்டில் ஏறியது. மஞ்சள் கை மண்ணில் இறங்கி எழும்பும் ஒவ்வொரு தடவையும், சுற்றி நின்றவர்கள் கழுத்தை நீட்டினார்கள். நாலு இராணுவத்தினர் ஓரங்களை வெட்டினார்கள். கறுப்பையாவை யாரும் கூப்பிடவில்லை. அவரும் யாரையும் கேட்கவில்லை. ஐந்தாவது ஆளாகப் போய் நின்று மம்பட்டியைப் போட்டார்.

பதினொன்றரைக்கு ஒரு தகரக் கூரை வந்தது. பன்னிரண்டுக்கு ஒரு தேயிலை மரம், வேரோடு, தளிர் வாடாமல். பன்னிரண்டே முக்காலுக்கு மெசினோட்டி கையைத் தூக்கி நிறுத்தினான். எல்லாரும் ஓடினார்கள். நாய்.

சாப்பாட்டுப் பார்சல் வந்தபோது கறுப்பையா மகளுக்குப் பக்கத்தில் வந்து குந்தினார். உள்ளங்கை இரண்டிலும் தோல் கழன்றிருந்தது.

“அந்தப் பொடியன் காலையில என்னமோ கத்திக்கிட்டு வந்தானே. என்னா விஷயம்?”

“ஃபோன்ல பாத்து எடத்தக் கண்டுபுடிக்கலாமான்னு வந்தான்ப்பா.”

“முடியலியா?”

“முடியல.”

“ம்.” சோற்றை இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மூடினார். “அவனுக்கு வைப்போம். பசியோட இருப்பான்.”

நிலூஷா பார்சலை வாங்கிக் கட்டினாள்.

இரண்டே முக்காலுக்குப் பெக்கோவின் பற்கள் கிரீச்சென்று உரசின. தார். ரோட்டின் அடி. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் வழித்துக் காட்டினான் மெசினோட்டி. மழைத் தண்ணீர் ஓடி அதைக் கழுவியது. சுத்தமான, வெறுமையான தார் ரோட்டு. அதில் ஒரு டயர் தடம்கூட இல்லை.

*

மூன்று ஐந்துக்கு ஷப்ராஸ் மேட்டில் நின்றான். கடுகண்ணாவையில் இருக்கிற வீட்டிலிருந்து ஏழு தடவை கூப்பிட்டிருந்தார்கள். திருப்பி அழைத்தபோது எடுத்தது அவன் தங்கச்சி இல்மா.

“நானா, எப்ப வார? உம்மா ஒரே அழுகை.”

“கெடைக்கல்ல இல்மா. பிழையான எடத்துல தோண்டிட்டோம். இனி மிசினும் இல்ல.”

அந்தப் பக்கம் இல்மா மூக்கை உறிஞ்சினாள்.

“நானா... அண்டைக்கும் சுதேஷ் அண்ணா எனக்கு ஒண்டு அனுப்பீக்காரு. நான் அதைத் தொறக்கவே இல்ல.”

“என்னத்த?”

“நடுங்கிதான். வேற என்னத்த அனுப்புவாரு எனக்கு.”

போன மாதம் கண்டி வாவிக்கரையில் நடந்த போட்டியில் இல்மா சுதேஷைத் தோற்கடித்திருந்தாள், அதுவும் எல்லாருக்கும் முன்னால். அன்றிலிருந்து அவன் அவளை விடவில்லை. அந்த விளையாட்டில் ஒரு நாளைக்கு ஒரு பிராணியைச் சிநேகிதர்களுக்குப் பரிசாக அனுப்பலாம். சுதேஷ் தினமும் அவளுக்கு ஒரு நடுங்கியை அனுப்புவான். ‘சம்பியனுக்குச் சாப்பாடு’ என்று எழுதி அனுப்புவான். கோபத்தில் அவள் ஒன்றைக்கூடத் திறப்பதில்லை. திறக்காத பரிசுகள் அவள் ஃபோனில் குவிந்து கிடந்தன.

ஷப்ராஸின் குரல் இறங்கிப் போனது. “எத்தின மணிக்கு வந்தீக்கு?”

“பத்து அம்பத்தாறு.”

“தொற.”

“நானா, அது அவர்ட கடைசி...”

“தொற இல்மா! தொறந்து, அடியில மெப்பப் பாத்துச் செல்லு!”

கடுகண்ணாவையில் ஒரு விரல் திரையில் பட்டது.

“புள்ளி ஈக்கு. பத்து அம்பத்தஞ்சு. ரோட்டு ரெண்டாப் பிரியுது... கீழ போற ரோட்டுல. ஒரு பாலம். பாலத்துக்கு அங்கால ரெண்டாவது வளைவு. பக்கத்துல கோயில் எண்டு போட்டீக்கு. நானா? நானா, கேக்குதா?”

ஷப்ராஸ் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தான்.

*

“கீழ! சேர், கீழ!”

பெக்கோ சந்தியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. பளீல் அதற்கு முன்னால் நடந்து கற்களை ஒதுக்கிக்கொண்டிருந்தார். ஷப்ராஸும் நிலூஷாவும் மாறி மாறிச் சொன்னதைக் கேட்டார். நல்ல மனிதர், பாதியில் வெட்டவில்லை. கடைசியில் மணிக்கூட்டைப் பார்த்தார்.

“மூணு இருவத்தஞ்சு. இந்த மிசின் கீழ போய்ச் சேர முக்கா மணித்தியாலம் புடிக்கும். ஏலாது தங்கச்சி.”

“ஒரு மணித்தியாலம் தாங்க சேர்! இப்ப எடம் தெரியும்! நேரா அங்கயே தோண்டலாம்!”

“காலையிலயே செல்லியிருந்தா அங்கதான் தோண்டியிருப்போம். அந்த லயத்துல நேத்துச் சத்தம் கேட்டீக்கு. தட்டுற சத்தம். இண்டைக்கு இருட்டினா நாளைக்குக் கேக்குமோ என்னமோ.”

அவர் திரும்பினார். பெக்கோ உறுமியது.

பொய் சொல்ல நிலூஷாவுக்கு நாலு செக்கன் போதுமாக இருந்தது.

“ரிங் போச்சு சேர்!”

பளீல் நின்றார்.

“தம்பி ஃபோனுக்கு. இப்பதான் மேட்டுல நின்னு எடுத்தேன். ரெண்டு தடவை ரிங் போச்சு. உயிரோட இருக்கான் சேர். ஃபோன் வேலை செய்யுது.”

ஷப்ராஸ் நிலத்தைப் பார்த்தான். பளீல் ஒரு கையை உயர்த்தினார். பெக்கோவின் சத்தம் அடங்கியது. மழைச் சத்தம் மட்டும்.

“திருப்பி எடுங்க,” என்றார் பளீல். “வாங்க, நானும் மேட்டுக்கு வாரேன். ஸ்பீக்கர்ல போடுங்க. ரிங் போனா, பெரிய ஒபிசர்மாரோட சண்டை புடிச்சாவது மிசினக் கீழ அனுப்புறேன்.”

நிலூஷா ஃபோனை வெளியே எடுத்தாள். விரல் திரையின் மேலேயே நின்றது.

“எடுக்க வேணாம் சேர்.”

கறுப்பையா. எப்போது வந்தார் என்று யாரும் பார்க்கவில்லை. மம்பட்டியை ஊன்றி நின்றார்.

“ரிங் போகல. மூணு நாளா நானும்தான் எடுத்துப் பாக்கிறேன். நீங்க மிசினக் கொண்டு போங்க.”

“அப்பா!”

“அங்க பதினொரு பேரு இருக்காங்க. தட்டுறாங்களாம்.” அவர் மகளைப் பார்க்கவில்லை. “இவன் தட்டலியே.”

பளீல் உயர்த்திய கையை இறக்கினார். கறுப்பையாவின் தோளை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போனார். பெக்கோ சந்தியில் திரும்பி, வளைவில் மறைந்தது.

*

கீழ் ரோட்டில் பாலம் இருந்தது. முதலாவது வளைவு இருந்தது. இரண்டாவது வளைவு இருக்கவில்லை.

ரோட்டு போய் ஒரு மண்சுவரில் முட்டி நின்றது. மூன்று மாடி உயரம். மேலே ஒரு மின்கம்பத்தின் தலை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது, கம்பிகள் தொங்க. கோயில் இருந்த அடையாளமே இல்லை. மண்ணுக்குள்ளிருந்து பல இடங்களில் பழுப்புத் தண்ணீர் கசிந்து வந்துகொண்டிருந்தது. காவலுக்கு நின்ற இராணுவத்தான், இன்னும் முன்னால் போக வேண்டாம் என்று சிங்களத்தில் கத்தினான்.

ஷப்ராஸ் ஃபோனைக் கையில் விரித்து வைத்திருந்தான். மெப் திறந்திருந்தது. இல்மா சொன்ன இடத்தில் ஓர் அடையாளம் குத்தியிருந்தான். அவர்கள் நிற்கிற நீலப் புள்ளிக்கும் அதற்கும் இடையில் திரையில் ஒரு விரல் அகலம்.

“இந்த நேர்ல அங்கிள். ஒரு அறுவது மீற்றர் உள்ள. மழைக்குக் கோயில்ல ஒதுங்கி நிண்டீப்பான்.”

கறுப்பையா அந்த நேரைக் கண்ணால் அளந்தார். சேர்ட்டின் கையை மடித்தார். மண்சுவரின் அடியில் போய் மம்பட்டியை ஓங்கினார். ஒரு வெட்டு. இரண்டு. பத்து. வெட்டிய பள்ளத்தை மேலிருந்து வந்த சேறு நிரப்பியது. பதினொன்று.

மூச்சு வாங்க நின்றபோது, திரும்பாமலே கேட்டார்.

“இது காலையிலேயே தெரிஞ்சிருக்க வழி இருந்துச்சா?”

நிலூஷாதான் பேசினாள். எல்லாவற்றையும் சொன்னாள். பட்டன், பெட்டி, மெசேஜ், பதினொன்று நாலு. விளையாட்டென்றால் என்னவென்றே தெரியாத மனிதர், வேலை விபரம் கேட்கிறமாதிரிக் கேட்டார்.

“அந்தச் சாமான்ல எடம் எழுதியிருக்குமா?”

“இருக்கும்.”

“ஒவ்வொண்ணுலயுமா?”

“ஒவ்வொண்ணுலயும்.”

“எத்தனை இருந்துச்சு?”

“பதினாலு.”

கறுப்பையா மம்பட்டிப் பிடியில் நாடியை வைத்துக்கொண்டு நின்றார். கோபமாக இருந்தால் நல்லது என்று நிலூஷா நினைத்தாள். அறைந்தால்கூட நல்லது.

“ஒண்ணையாவது தொறந்து பாத்திருக்கலாமே பாப்பா.”

“அதுகள யாரும் பாக்கிறதில்லப்பா.”

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவள் காதிலேயே விழுந்தது. ஷப்ராஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கறுப்பையா மறுபடி வெட்டினார். எங்கேயோ தூரத்தில், அடுத்த தோட்டத்துப் பக்கம், பெக்கோ ஏறுகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை. சடசடவென்று மேலிருந்து கற்கள் உதிர்ந்தன. இராணுவத்தான் விசில் ஊதினான். கறுப்பையா நிறுத்தவில்லை. இரண்டாவது விசில். மின்கம்பத்தின் தலை மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது. இராணுவத்தான் ஓடி வந்து அவரை இடுப்போடு கட்டிப் பிடித்துப் பின்னால் இழுத்தான். அவரைவிட முப்பது வயது குறைந்தவன். இழுக்கிறபோது “தாத்தே, தாத்தே” என்று சிங்களத்தில் அப்பாவைக் கூப்பிடுகிறமாதிரிக் கூப்பிட்டான். ஷப்ராஸும் ஒரு கையைப் பிடித்தான். பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்த பிறகுதான் விட்டார்கள்.

அவர் வெட்டிய பள்ளம் இருந்த இடம் தெரியவில்லை.

இராணுவத்தான் பாலத்தின் இரண்டு தூணுக்கும் குறுக்கே சிவப்பு ரிபனைக் கட்டினான். கறுப்பையா அவனிடம் சிங்களத்தில் கேட்டார், நாளைக்கு மெசின் வருமா என்று. நாளைக்கும் மழையாம் என்றான் அவன்.

பாலத்துக்குக் கீழே ஆறு ஓடியது. கறுப்பையா கையையும் கழுவவில்லை, மம்பட்டியையும் கழுவவில்லை. மண்ணோடு அதைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். ஷப்ராஸ் பைக்கைத் தள்ளிக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் போனான்.

நிலூஷா பின்னால் நடந்தாள், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில். சந்தி வரைக்கும் அவர் கூப்பிடவில்லை.